“வீட்டை வாங்கினவன் பார்க்கட்டும்!”

கேள்வி: வயது 68. கணவர் இல்லை. 2017-ல் ஓட்டு வீட்டை மூத்த மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்த வீட்டுத் திண்ணையில்தான் படுக்கை. சுகர் மாத்திரைக்கும் கையேந்துகிறேன். திருப்பூரில் இருக்கும் இளையவன், “வீட்டை வாங்கினவன் பார்க்கட்டும்” என்கிறான். மகளிடம் கேட்க மனசில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஊர் சிரிக்காதா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: திண்ணையில் படுக்க வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்தானே அம்மா, சிரித்துவிட்டுப் போகட்டும்.

கோர்ட் படியேற வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். (ஆட்டோக்காரரிடம் வெறுமனே ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றால் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் இறக்கிவிடுவார். ரெவின்யூ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.) வக்கீல் கட்டாயமில்லை.

இளைய மகனின் பேச்சு எடுபடாது. வீடு வாங்காத பிள்ளைக்கும் பெற்றவளைக் காப்பாற்றும் கடமை உண்டு. சட்டத்தில் மகளும் சேர்த்திதான். நீங்கள் அவரை விட்டுவிடலாம். ஆனால் மகன்கள் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் சட்டத்தில் இடமிருக்கிறது. இப்போதே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

என்னிடம் வரும் அம்மாக்கள், “ஏதோ பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க” என்று முடித்துவிடுவார்கள். அப்படி எழுதாதீர்கள். மாத்திரை, பால், கேஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி, மருந்துச் சீட்டு ஜெராக்ஸும் இணையுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் கிடைத்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் இடைக்காலத் தொகையும் கேளுங்கள். உத்தரவுக்குப் பிறகும் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறை.

வீட்டு விஷயத்தில்தான் சிக்கல். பத்திரத்தில், ‘ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 23-ஆம் பிரிவின்படி அதே அதிகாரி பத்திரத்தை ரத்து செய்யலாம். ‘அன்பின் காரணமாக’ என்று மட்டும் இருந்தால் மூத்தவர் தரப்பு மல்லுக்கட்டும். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், மகன் தனித்தாளில் எழுதித் தந்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து, தானப் பத்திரத்தை ரத்து செய்தது சரியென்றது. உங்கள் மகனும் அப்போது ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் பெட்டியைக் குடைந்து தேடி எடுங்கள்.

வீடு கிடைக்க நாளாகலாம், அதுவரை மாதப் பணம் நிற்கக் கூடாது என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் முதியோர் உதவி எண் 14567-ல் பேசுங்கள், காசு கிடையாது.