லைஃப் வீட்டுக்காக மனையை மகன் பெயருக்கு எழுத வேண்டுமா?

கேள்வி: எனக்கு 69 வயது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் மனையில், மண் சுவரும் நாட்டு ஓடுமாக உள்ள பழைய வீட்டில் தனியாக இருக்கிறேன். மனை காலமான என் கணவர் பெயரில் உள்ளது. மகன் பொள்ளாச்சியில் சொந்த வீட்டில் இருக்கிறான், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். “வயசானவங்களுக்கு லைஃப் வீடு கிடைக்காது. மனையை மகன் பேருக்கு எழுதி, அவன் பேரை உங்க ரேஷன் கார்டில் சேர்த்துட்டு விண்ணப்பம் போடலாம், இருபதாயிரம் ஆகும்” என்கிறார் ஒருவர். ஐயாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டார். அவர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா. ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுத நாள் குறித்திருந்தாலும் போகாதீர்கள். அவர் சொல்கிறபடி நீங்கள் நடந்தால், இன்று உங்களுக்கு இருக்கிற தகுதியும் போய்விடும், மனையும் போய்விடும்.

முதலில் வயது. வீடில்லாதவர்களுக்கு வீடு தரும் கேரள அரசின் லைஃப் திட்டத்திலோ, அதனோடு சேர்த்து நடத்தப்படும் மத்திய அரசின் பிரதமர் வீட்டுத் திட்டத்திலோ, வயதானவருக்கு வீடு கிடையாது என்று எந்த விதியும் இல்லை. மத்தியத் திட்டத்தின் முன்னுரிமை விதிகள் இதற்கு நேர்மாறாக, 16 முதல் 59 வயதுக்குள் ஒருவர்கூட இல்லாத குடும்பத்தையும், அந்த வயதில் ஆண் துணை இல்லாமல் பெண்ணே தலைவியாக இருக்கும் குடும்பத்தையும் முன்னுக்கு வைக்கச் சொல்கின்றன. தனியாக இருக்கும் உங்களுக்கு இவை இரண்டுமே பொருந்தும். உழைக்கும் வயதில் உள்ள மகனின் பெயரை அட்டையில் ஏற்றிய மறுகணம் இரண்டுமே பொருந்தாமல் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. லைஃப் திட்டத்தில் ஒரு ரேஷன் அட்டை என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அட்டையில் உள்ளவர்களில் யாருக்காவது வசிக்கத் தகுந்த வீடு இருந்தால் அந்தக் குடும்பம் வீடில்லாத குடும்பம் ஆகாது. மத்தியத் திட்டமோ இந்தியாவில் எங்கே பக்கா வீடு இருந்தாலும் தள்ளிவிடும். பொள்ளாச்சியில் சொந்த வீடு உள்ள மகனை உங்கள் அட்டைக்குள் கொண்டுவருவது, நீங்களே உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்துகொள்வதற்குச் சமம். எல்லையோர ஊர்களில், அந்தப் பக்கம் ஒரு அட்டை, இந்தப் பக்கம் ஒரு அட்டை என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. இன்று இரண்டு மாநில அட்டைகளிலும் ஆதார் எண் ஏறியிருப்பதால், மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் ஒரு குடும்பம் என்று கணக்குக் காட்ட முடியாது. முயன்றால் இருக்கிற அரிசியும் நின்றுபோகும்.

இனி மனை. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்களும் மகனும் மகளும் சம பங்குக்காரர்கள். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்று இடைத்தரகர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, மூவர் பெயரிலும் கரம் (நிலவரி) கட்டுவது. அதன்பின் மகனும் மகளும், அந்த இடத்தில் அம்மா வீடு கட்டிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று சம்மதபத்திரம் கொடுத்தால் போதும். யாரும் யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து சென்ட் மனைக்கும், ஐம்பது ஏக்கர் தோட்டத்துக்குப் போலவே, கெஜட்டில் விளம்பரம் போட்டு, ஆட்சேபணைக்குக் காத்திருந்து, பிறகுதான் வாரிசுச் சான்றிதழ் கொடுப்பார்கள். முதியவர்களின் மனுவை இதில் முன்னே எடுத்துக்கொள்ள ஒரு தனி வழியை ஏன் இத்தனை ஆண்டுகளாக வைக்கவில்லை என்பதற்கு எந்த அதிகாரியும் பதில் சொல்வதில்லை. ஆகவே இந்த வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

கரம் கட்டின பழைய ரசீதை எடுத்து, அதில் இடம் ‘புரயிடம்’ (வீட்டு மனை) என்று இருக்கிறதா, ‘நிலம்’ (நெல்வயல்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிலம் என்றிருந்தால் வீடு கட்டுவதற்கு 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். வேறு இடம் இல்லாதவர், கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை வீட்டுக்கு அனுமதி கேட்கலாம்.

மகனுக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். உங்கள் மகன் நல்லவராகவே இருக்கலாம்; நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுத் திட்டத்தைச் சாக்காக வைத்துத் தாயிடம் ஆதாரம் எழுதி வாங்கி, வீடு வந்ததும் தாயைத் திண்ணைக்கும், பிறகு மகள் வீட்டுக்கும் அனுப்பிவிட்ட குடும்பங்களைச் சித்தூர் தாலுகாவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் பெயரில் இருக்கும் பங்குதான் அந்த வீட்டில் நீங்கள் இருப்பதற்கான உரிமை.

இதைப் படிக்கிற சிலர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, அதன் 23-ஆம் பிரிவில், 60 வயது நிறைந்தவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த ஆதாரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம் என்கிறது. தீர்ப்பாயம் என்பது வேறொன்றுமில்லை, ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்ட அதிகாரியின் அலுவலகம்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த நிபந்தனை ஆதாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் வழக்குகள் நிற்கின்றன. நிபந்தனை இல்லாத ஆதாரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது முதியோர் நலனுக்கான சட்டம், ஆகவே அவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. எனவே நிபந்தனை எழுதாதவர்களும் மனம் தளராமல் மனு கொடுக்கலாம். எழுதியவர்களுக்கு வழி எளிது. எழுதித்தான் தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், “என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, உணவு, மருந்து, பராமரிப்பு கொடுக்கத் தவறினால் இந்த ஆதாரம் ரத்தாகும்” என்ற வாசகம் உள்ளே இருக்கிறதா என்று ஆதாரம் எழுதும் எழுத்துக்காரரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும். சில எழுத்துக்காரர்கள் இதைத் தவிர்ப்பதற்காகவே தானமாக எழுதாமல், பணம் கைமாறியதாகக் காட்டிக் கிரய ஆதாரமாக எழுதிவிடுவார்கள். ஒரு ரூபாய்கூட வாங்காமல், “ரொக்கம் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே கைநாட்டு வைத்துவிட்டால், பிறகு அது விற்பனை அல்ல, பராமரிப்புக்காகக் கொடுத்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

லைஃப் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 4 லட்சம் ரூபாய். அதில் பிரதமர் திட்டப் பட்டியலில் வருபவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 72,000 ரூபாய். மீதி மாநிலமும் பஞ்சாயத்தும் போடுவது. பணம் ஒரே தடவையில் வராது. பஞ்சாயத்தோடு உடன்படிக்கை எழுதிய பிறகு, வேலை ஏற ஏறத் தவணையாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உடன்படிக்கைக்கு முன்பு பழைய வீட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். இன்று இந்தச் சுவரும் ஓடும்தான் உங்கள் நிலைக்குச் சாட்சி. மேலும், தவணை தாமதமானால் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒதுங்க இடமில்லாமல் போகும். 400 சதுர அடி அளவில் ஓர் அறை, ஹால், சமையலறை, கழிப்பறை என்று கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். “மகன் வந்து போக இன்னொரு அறை” என்று மேஸ்திரி ஆசை காட்டினால், லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து, தார்ப்பாய் கட்டிய சுவர்களுக்கு நடுவே படுக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்துக்குத் தரகர் தேவையே இல்லை. அரசு விண்ணப்பம் கேட்டு அறிவிக்கும்போது பஞ்சாயத்து உதவி மையத்திலோ அட்சயா என்ற இணையச் சேவை மையத்திலோ நிர்ணயித்த கட்டணத்தில் பதிவு செய்யலாம். அப்போது ஒன்றை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். தரகர் உடன் வந்தால் கைப்பேசி எண் என்ற கட்டத்தில் தன் எண்ணைக் கொடுப்பார். பிறகு ஓ.டி.பி., அறிவிப்பு, ஆவணம் சரிபார்க்க வரச்சொல்லும் செய்தி எல்லாம் அவருக்கே போகும். பணம் கொடுக்காதவரை உங்களுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். உங்களிடம் கைப்பேசி இல்லையென்றால் மகளின் எண்ணைக் கொடுங்கள். அதேபோல, வீடு அனுமதியான பின் எந்த மேஸ்திரியிடமும் வங்கிப் பாஸ்புத்தகத்தையோ, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட பணம் எடுக்கும் சீட்டையோ கொடுத்துவைக்காதீர்கள்.

விண்ணப்பம் எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதுதான் தரகர்களுக்குப் பிழைப்பு. 2020-இல் வாங்கிய விண்ணப்பங்களுக்கு இறுதிப் பட்டியல் 2022-இல் வெளியானது. பட்டியலில் பெயர் வந்த பிறகும் பணம் வருவதற்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். எழுபதை நெருங்குகிறவரிடம் ஐந்தாண்டு பொறு என்று சொல்லும் திட்டத்தை முதியோருக்கும் உரிய திட்டம் என்று எப்படிச் சொல்வது? தீர ஆதரவற்றவர்களையாவது ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்க ஏற்பாடு வேண்டும் என்று கிராம சபைகள் கேட்காமல் இது மாறாது. அதனால் உங்கள் வார்டு கிராம சபைக்கு நீங்கள் நேரில் போய் உட்காருங்கள். உங்கள் வீடு வசிக்கத் தகுதியற்றது என்று மனு எழுதி, பஞ்சாயத்துச் செயலாளரிடம் கொடுத்து, முத்திரை வைத்த ரசீது வாங்குங்கள். மலையாளம் எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே மனு எழுதவும், தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. தமிழ் மனுவை வாங்க மறுக்கும் எழுத்தரிடம் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கொடுத்த ஐயாயிரத்தைப் பற்றி: மகனோ மகளோ உடனிருக்க, திருப்பிக் கேளுங்கள். அரசு ஊழியர் ஒருவருக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினேன் என்று அவர் சொன்னால், அதை ஊழல் தடுப்புப் பிரிவின் 1064 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். அவர் உங்களை மிரட்டினாலோ, வீட்டில் யாராவது கையெழுத்துக்கு நெருக்கினாலோ, மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. தரகர் கையில் உங்கள் ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ் எதையாவது அசலாகக் கொடுத்திருந்தால், பணத்துக்கு முன்னால் அவற்றை வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் மனுவுக்கு அவை உடனே வேண்டும்.