அணு உலை, போர், அரசாங்கம்: ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளரிடம் கேள்வி பதில்

ராணுவப் பொறியாளர் பிரிவில் அணு, உயிரி, வேதித் தாக்குதல் தற்காப்பு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். அலுவல் ரகசியச் சட்டம் பென்ஷன் வாங்கிய பிறகும் விடாது. ஆகவே, பொதுவெளியில் இருப்பதை வைத்து மட்டும் பதில் சொல்கிறேன். கருத்துகள் என்னுடையவை; படையின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முத்து, ராதாபுரம்: சார், போர் வந்து கூடங்குளத்து மேல ஏவுகணை விழுந்தா ஹிரோஷிமா மாதிரி வெடிச்சிருமா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க.

வெடிக்காது. குண்டுக்கு, எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கு தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி வரும்வரை செறிவூட்டப்பட்டிருக்க வேண்டும். கூடங்குளத்தில் ஓடும், ரஷ்ய வடிவமைப்பான வி.வி.இ.ஆர்-1000 உலையின் எரிபொருளில் அது நாலு சதவீதம் அளவுதான். அதை எப்படி அடித்தாலும் அணுகுண்டு ஆகாது.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உலையை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை. ஒரு யூனிட்டின் வெப்பத் திறன் 3000 மெகாவாட். நிறுத்திய நொடியில் அதில் ஆறு, ஏழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவு, எரிபொருளுக்குள் சிதைவு வெப்பமாக (கதிரியக்கப் பொருள்கள் சிதையும்போது வரும் சூடு) வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து 40 சொச்சம். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் பக்கம் இருக்கும். அந்த 15 மெகாவாட்டை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே வெளியேற்றுவதென்றால் மணிக்கு 20 டன் தண்ணீர் வேண்டும். தண்ணீரைத் தள்ள பம்பு, பம்புக்கு மின்சாரம். இந்தச் சங்கிலி அறுந்தால் எரிபொருள் உருகும். கான்கிரீட் கூடு உடைகிறதா என்று எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே வரும் மின்கம்பியை.

பொறியியல் மாணவர், கோவை: அதற்குத்தானே டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது?

இருக்கிறது. கூடங்குளத்தில் பாதுகாப்பு அமைப்பு ஒரு யூனிட்டுக்கு நான்கு தனித்தனி வரிசையாக அமைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் சொந்த ஜெனரேட்டர். ஆனால் ஜெனரேட்டர் எண்ணிக்கை காகிதத்தில் தரும் நிம்மதி களத்தில் கிடைக்காது.

டீசல் ஏன் கிளம்பாமல் போகும்? பெரிய எஞ்சின்களைப் பெரும்பாலும் அழுத்தக் காற்றால்தான் சுழற்றிக் கிளப்புவார்கள். காற்றுக் கலனின் வால்வு மெதுவாகக் கசிந்திருந்தால் முதல் முயற்சியோடு அழுத்தம் தீர்ந்துவிடும். எரிபொருள் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கசடாகி, ஃபில்டரை அடைக்கும். தொட்டியில் நீர் வடிக்கும் குழாயைத் திறந்து பார்க்காமல் "ஃபுல்" என்று மட்டும் பதிவேட்டில் எழுதும் இடங்களில் இது நடக்கும். மூன்றாவது கோளாறு சோதனை முறையிலேயே இருக்கிறது. மாதாமாதம் சுமை இல்லாமல் ஓட்டி நிறுத்தினால் சரியாக எரியாத எண்ணெயும் கரியும் புகைபோக்கிப் பாதையில் படியும். நிஜமான சுமை ஏறும்போது எஞ்சின் திணறும். ஜெனரேட்டரை அதன் திறனுக்கு நெருக்கமான சுமையில், சூடு நிலைப்படும் வரை ஓட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, நான்கும் ஒரே காரணத்தால் சாகக்கூடாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணு நிலையத்தில் கெட்டது இதுதான். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தன. சுனாமியில் கடல் உள்ளே வந்ததும் மொத்தமாகப் போயின. உயரத்தில் இருந்த, கடல்நீர் தேவைப்படாத, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் பிழைத்து 5, 6-ஆம் உலைகளைக் காப்பாற்றியது. முதல் மூன்று உலைகளும் உருகின.

கூடங்குளத்துக்கு ஒரு கூடுதல் நல்ல விஷயம் உண்டு. மின்சாரமே இல்லாவிட்டாலும் நீராவிக் கலனின் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு இயற்கைச் சுழற்சியால் தள்ளும் அமைப்பு அதில் இருக்கிறது. உருகினாலும் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு கலன் உள்ளது. எண்பதுகளில் கட்டிய அதே வகைப் பழைய உலைகளில் இந்த இரண்டும் இல்லை. இதைச் சொன்னால் உடனே அரசு தரப்பு ஆள் என்பார்கள். இருப்பதை இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

செல்வி, சென்னை: உக்ரைனில் ஜபோரிஜியா உலையை ரஷ்யப் படை பிடித்து வைத்திருக்கிறதே. அங்கே ஏன் இன்னும் பெரிய விபத்து நடக்கவில்லை?

ஆறு உலைகளையும் நிறுத்தியதுதான் முதல் காரணம். 2022 மார்ச் 4 அன்று பிடித்தார்கள். பயிற்சிக் கட்டடம் தீப்பிடித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11-க்குப் பிறகு அங்கே மின் உற்பத்தி இல்லை. வருடக்கணக்கில் நின்றிருக்கும் உலையில் சிதைவு வெப்பம் சில நூறு கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் உலையில் மின்சாரம் போனால் உங்களுக்கு இருப்பது சில மணி நேரம். இங்கே நாள்கணக்கில், சில நிலைகளில் வாரக்கணக்கில் அவகாசம் உண்டு.

போருக்கு முன் அந்த நிலையத்துக்கு 750 கிலோவோல்ட் பாதை நான்கு, 330 கிலோவோல்ட் பாதை ஆறு இருந்தன. பலமுறை அது ஒற்றைப் பாதையில் தொங்கியிருக்கிறது. முழுதாக அறுந்தும் போயிருக்கிறது. 2025 செப்டம்பர் 23-இல் அறுந்தபோது ஏறக்குறைய ஒரு மாதம் டீசலிலேயே ஓட்டினார்கள். நிலையத்தில் 20 ஜெனரேட்டர் இருந்ததால் மாற்றி மாற்றி ஓட்ட முடிந்தது.

தண்ணீர் இன்னொரு கதை. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்ததும், நிலையத்துக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கம் வற்றியது. பிறகு 11 ஆழ்துளைக் கிணறு தோண்டி, மணிக்கு 250 கனமீட்டர் போல எடுத்து, தண்ணீரைத் தெளித்துக் குளிரவைக்கும் குளங்களை நிரப்புகிறார்கள். நிறுத்திய உலைக்கு அது போதும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எண்ணில் வராத ஆபத்து ஆட்கள் விஷயத்தில் இருக்கிறது. துப்பாக்கி முனையில் ஷிஃப்ட் பார்க்கும் ஆபரேட்டர் தூங்காமல், பயந்து, யாருடைய உத்தரவைக் கேட்பது என்று தெரியாமல் வேலை செய்கிறார். உலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் ராணுவ அதிகாரி உத்தரவு போடுவது, அறுவை சிகிச்சை மேசையில் கமாண்டர் கத்தி பிடிப்பதற்குச் சமம்.

ஜான், தூத்துக்குடி: நம்ம அணு உலைகளை ஏன் ராணுவத்திடம் ஒப்படைக்கக் கூடாது? மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை போதுமா?

போதும்; ராணுவம் உள்ளே வரக்கூடாது என்பதே என் கருத்து. வாசலில் திருட்டு, ஊடுருவல், நாசவேலையைத் தடுப்பது போலீஸ் தன்மையுள்ள வேலை. அதற்கென்று பழகிய படை அது. பீரங்கியையும் ராக்கெட்டையும் வளாகத்துக்குள் கொண்டுவந்தால் அந்த இடம் எதிரிக்கு ராணுவ இலக்காகிவிடும். பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி 2023 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வைத்த ஐந்து கோட்பாடுகளில் ஒன்று இதுதான்: உலை வளாகம் கனரக ஆயுதத்துக்குக் கிடங்காகவோ தளமாகவோ கூடாது. வான் பாதுகாப்பு தேவைதான். அதைத் தள்ளி வைத்துச் செய்யலாம்.

ஆசிரியர், மதுரை: இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் அணு நிலையப் பட்டியல் மாற்றிக்கொள்கிறார்களாமே. எதிரியிடம் முகவரி கொடுப்பது முட்டாள்தனம் இல்லையா?

முகவரி ஏற்கெனவே செயற்கைக்கோளில் தெரியும். ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31-இல் கையெழுத்தானது, 1991 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியல் கைமாறுகிறது. கார்கில் ஆண்டுக்குப் பிறகும் நிற்கவில்லை, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் நிற்கவில்லை. மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டல், மறுசுத்திகரிப்பு எல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருக்கும். பட்டியலில் இருப்பதை அடிக்க மாட்டோம் என்பதே வாக்கு.

குறை என்னவென்றால், பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். சரிபார்க்க யாரும் இல்லை. தவிர, வளாகத்துக்கு வெளியே 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணை மின்நிலையத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. முதல் பதிலைப் படித்தவர்களுக்கு அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று புரியும். அடுத்து பேச உட்காரும்போது அதைத்தான் சேர்க்க வேண்டும்.

2025 மே மாதச் சண்டையில், பாகிஸ்தானின் அணு ஆயுதங்கள் இருப்பதாகப் பேசப்படும் கிரானா மலையை நம் விமானப்படை அடித்ததாக வாட்ஸ்அப்பில் ஓடியது. அடிக்கவில்லை என்று ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். கதிர்வீச்சுக் கசிவு இல்லை என்று பன்னாட்டு முகமையும் சொன்னது. தேசபக்தி என்று நினைத்து அதைப் பரப்பியவர்கள், ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று உலகத்துக்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வேண்டாம்: அணுகுண்டு பட்டன் ராணுவத் தளபதி கையிலா, பிரதமர் கையிலா?

பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவிடம். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயற்குழு ஆலோசனை தரும், உத்தரவை நிறைவேற்றும். 2003 ஜனவரி 4 அறிவிப்பிலேயே இது இருக்கிறது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதும் அதில்தான் உண்டு. ஆனால் உயிரி, வேதி ஆயுதத்தால் பெரிய அளவில் தாக்கினால் அணு ஆயுதத்தால் பதிலடி தரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்ற விலக்கும் கூடவே இருக்கிறது. மேடையில் பேசுபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். சீருடை போட்டவன் கையில் இது இல்லாததே சரி.

கவிதா, நாகர்கோவில்: கதிர்வீச்சு விஷயத்தில் அரசாங்கம் சொல்வதை நம்பலாமா? நேரடியாகச் சொல்லுங்க சார்.

சொந்தப் படைவீரனிடமே எந்த அரசும் முழுதாக உண்மை பேசியதில்லை, அம்மா. சோவியத் யூனியன் 1954 செப்டம்பர் 14 அன்று டோட்ஸ்கோயேவில் சுமார் 45,000 வீரர்களை நிறுத்தி, நிஜ அணுகுண்டைப் போட்டுப் போர்ப் பயிற்சி நடத்தியது. அமெரிக்கா நெவாடாவில் வீரர்களைப் பதுங்குகுழியில் உட்காரவைத்தது. நஷ்டஈட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. பிரிட்டன் கிறிஸ்துமஸ் தீவுச் சோதனைகளில் நிறுத்திய வீரர்களுக்கு 2022-இல் பதக்கம் அறிவித்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1986-இல் வெடித்த செர்னோபில் உலையின் கூரையைப் பாருங்கள். இயந்திரங்கள் கதிர்வீச்சில் செயலிழந்ததால், உலையிலிருந்து சிதறிக் கிடந்த கிராஃபைட் துண்டுகளை அள்ள வீரர்களை மண்வெட்டியோடு ஏற்றினார்கள். அப்போதைய வரம்பு 250 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு; ஆயிரம் சேர்ந்தால் ஒரு சீவர்ட்). மணிக்கு 10 சீவர்ட் இருக்கும் இடத்தில் அந்த வரம்பைத் தொட 90 வினாடி போதும். அதனால்தான் மணி அடித்ததும் ஓடிவரச் சொன்னார்கள். பல குழுக்களில் ஒருவருக்கு மட்டும் அளவுமானி கொடுத்து, அதில் வந்த எண்ணையே எல்லோர் அட்டையிலும் எழுதினார்கள். ஓரத்தில் நின்றவனும் நடுவில் கிராஃபைட் அள்ளியவனும் காகிதத்தில் ஒன்று. பின்னால் புற்றுநோய் வந்து பென்ஷன் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

ஆகவே என் பதில்: அறிக்கையை நம்ப வேண்டாம், அளவீட்டைக் கேளுங்கள். ஆளுக்கு ஆள் தனி அளவுமானி இருந்ததா, ஆண்டுக்கு எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். இங்கே கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது; பொதுமக்களுக்கு 1.

கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2012-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. காவல் ஏற்பாட்டை ஒளித்து வைப்பது நியாயம். வெள்ளம், பூகம்பம், குளிர்விப்பு பற்றிய கணக்கை ஒளித்து வைப்பது எந்த எதிரியிடமிருந்து? போராடிய மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டதையும் நான் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில் உலையை அனுமதித்தபோதே 15 கட்டளைகளைப் போட்டது. கேட்ட கேள்விகளில் சரக்கு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ரஹீம், திருவனந்தபுரம்: வைரஸ் அனுப்பி உலையை வெடிக்க வைக்க முடியுமா?

2019-இல் கூடங்குளத்தில் மால்வேர் புகுந்தது நிர்வாக வேலைக்கான கணினியில். உலைக் கட்டுப்பாட்டு வலையில் இல்லை. வலை தனி என்பதால் மட்டும் தூங்கிவிட முடியாது. ஈரானின் நடான்ஸ் செறிவூட்டல் ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் பென்-டிரைவ் வழியாகவும் பரவக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. பராமரிப்புக்கு வரும் ஒப்பந்தக்காரரின் லேப்டாப்பைச் சோதிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இல்லத்தரசி, வள்ளியூர்: அயோடின் மாத்திரையை இப்பவே வாங்கி வெச்சுக்கலாமா? சைரன் அடிச்சா என்ன செய்யணும்?

வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். ஃபேன் ஓடலாம், வெளிக்காற்றை இழுக்கும் ஏ.சி., எக்ஸாஸ்ட் வேண்டாம். வெளியில் இருந்து வந்தவர் மேல் துணியைக் கழற்றிப் பாலிதீன் பையில் கட்டி ஒதுக்கி, சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். தலைக்குக் கண்டிஷனர் கூடாது, துகளை முடியோடு பிடித்துக்கொள்ளும். மூடி வைத்த தண்ணீர், டின் உணவு பரவாயில்லை. திறந்த கிணறும் மேயப் போன மாட்டின் பாலும் ஆட்சியர் அறிவிக்கும் வரை வேண்டாம். வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களாகக் கிளம்பாதீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் மேகத்துக்குள்ளேயே போய் நிற்கலாம்.

மாத்திரை தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். பெரியவர்களுக்குப் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுக்கு 65, ஒரு மாதத்திலிருந்து 3 வயது வரை 32, பிறந்த குழந்தைக்கு 16. கதிர்மேகம் வருவதற்குச் சற்று முன்போ வந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளோ போட்டால் நல்ல பலன். ஒரு நாள் தாண்டிப் போட்டால் கெடுதல். நாற்பது வயதுக்கு மேல் பலன் குறைவு. மாத்திரை பற்றாக்குறை என்றால் முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும். தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இப்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். டிங்சர் அயோடினைக் குடிக்கவே கூடாது. அயோடின் உப்பை அள்ளிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம்தான் ஏறும். அறிவிப்பு வராமல் யாரும் மாத்திரை போட வேண்டாம். உங்கள் ஊரில் அது எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று அடுத்த கிராம சபையில் கேட்டு, தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.