நாலு சக்கர டிரைவ் பிக்கப்பில் மேடு ஏறும்போது மட்டும் கரகரவென்று அரைக்கும் சத்தம்: வீல் பேரிங்தானா?

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெட்ரோல் பிக்கப், நாலு சக்கர டிரைவ், டிரைவ் மாற்றும் குமிழ் டூ ஹையில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில், இருக்கிறது. சமதரையில் ஒரு சத்தமும் இல்லை. மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முன்பக்கத்தில் கரகரவென்று அரைக்கிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் என்று சொல்லிவிட்டார்கள், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே சத்தத்துக்கு நான் இரண்டு முன் பேரிங்கையும் மாற்றி, கூலியோடு 900 டாலருக்கு மேல் கொடுத்தேன். சத்தம் அப்படியே இருந்தது.

நான் இருப்பது கனடாவில், கால்கரியில். முதல் முறை அந்தச் சத்தம் வந்தது ஒரு செப்டம்பர் கடைசியில். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை, லார்ச் மரங்கள் மஞ்சளாக மாறுவதைக் காட்ட ஹைவே 40 வழியாக ஹைவுட் கணவாய்க்குக் கூட்டிப்போனேன். 2,206 மீட்டர் உயரம், கனடாவில் தார்ச்சாலை போகும் மிக உயரமான கணவாய் அதுதான். டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை மூடியே இருக்கும். கடைசி ஏற்றத்தில், காலுக்கடியில் யாரோ அம்மியில் கல்லைப் போட்டு இழுத்த மாதிரி ஒரு சத்தம். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "காலை எடு" என்றார். எடுத்தேன், நின்றது. "மறுபடி மிதி." வந்தது. "பேரிங்கா இருந்தா காலை எடுத்தாலும் ஊளையிடும்டா, இது வேற" என்றார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒர்க்‌ஷாப்காரர் உறுதியாகச் சொன்னதை நம்பி, அப்பா சொன்னதை விட்டுவிட்டேன்.

அப்பா சொன்னதுதான் சரி. வீல் பேரிங் போனால் சத்தம் வேகத்தோடு கூடும், வேகத்தோடு குறையும். ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஒடித்தால், பாரம் ஏறும் பக்கத்து பேரிங் இன்னும் உரக்க முனகும். உங்களுடையது அப்படி இல்லை.

இனி அந்த முன் சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கப் பிக்கப்கள் சிலவற்றில், டூ ஹையில் ஓடும்போது முன் அச்சு வீணாகச் சுற்றக்கூடாது என்பதற்காக, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை, அதைச் சுற்றவைக்கும் அரை அச்சிலிருந்து பிரித்து வைக்கும் ஒரு பல் வளையம் உண்டு. பிரித்துப் பிடித்திருப்பது எஞ்சினின் வாக்குவம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிட இழுப்பு. வாக்குவம் இருக்கும்வரை வளையம் பின்னால் இழுபட்டு நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹைக்குத் திருப்பினால், சோலனாய்டு என்ற மின்சார வால்வு வாக்குவத்தைத் துண்டிக்கும், ஸ்பிரிங் வளையத்தைத் தள்ளி ஹப்பையும் அச்சையும் பூட்டிவிடும். வாக்குவம் இருந்தால்தான் பூட்டு விலகும், இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும். நம் கோளாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

வாக்குவம் முழுசாக இருந்தாலும் சத்தம் இல்லை, முழுசாகப் போய்விட்டாலும் சத்தம் இல்லை. அரைகுறையாக இருந்தால்தான் வம்பு. ஸ்பிரிங் வளையத்தைப் பாதி தூரம் தள்ளிவிடும், சுற்றிக்கொண்டிருக்கும் ஹப்பின் பற்களும் சும்மா நிற்கும் அச்சும் ஓரத்தில் உரசும். நீங்கள் கேட்பது அந்த உரசல்.

ஏன் மேட்டில் மட்டும்? பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது கடல் மட்டத்தில் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வாக்குவம் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அப்போதும் ஹப்பைப் பிடித்து வைக்கத்தான் ஒரு சின்ன சேமிப்புத் தொட்டியும், உள்ளே போன வாக்குவம் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வும் வைத்திருக்கிறார்கள். அந்த வால்வு பழுதானாலோ ஹோஸ் வெடித்தாலோ சேமிப்பு நிற்காது. உயரமும் சேர்ந்துகொள்ளும்: தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் குறையும். கால்கரியே 1,000 மீட்டருக்கு மேல். ஹைவுட் கணவாயில் கடல் மட்டத்தைவிட ஏழு அங்குலம் கம்மி. என் வண்டி ஊருக்குள் வாயைத் திறக்காமல் மலையில் மட்டும் அரைத்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் வண்டியில் எப்படி உறுதி செய்வது? முதலில் உங்களுக்கு இந்த அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பென்சில் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் சக்கரத்தின் நடுப்பகுதிக்குள் போகும். அது இல்லையென்றால் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது.

இருந்தால், சரளை ரோடு ஒன்றுக்குப் போங்கள். டூ ஹையில் மேடு ஏறிச் சத்தத்தை வரவையுங்கள். வந்ததும் காலை எடுத்து ஓரங்கட்டி நிறுத்தி, ஃபோர் ஹைக்கு மாற்றி, அதே மேட்டை அதே மாதிரி ஏறுங்கள். சத்தம் அடியோடு காணாமல் போனால் ஹப்தான். எனக்கு மூன்று மாதமும் 900 டாலரும் கழித்துக் கிடைத்த விடை இந்தப் பத்து நிமிடச் சோதனையில் இருந்தது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இந்த வகை வண்டிகளில் ஃபோர் ஹை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். பிடிப்புள்ள ரோட்டில் வளைத்தால் எங்காவது முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் வீட்டில் ஒரு சோதனை. பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ நீட்டவே கூடாது. கியர் பார்க்கில், எஞ்சின் ஓடட்டும், டூ ஹை. சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரை அச்சு அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து சுற்றினால் அந்தப் பக்கம் வாக்குவம் போய்ச் சேரவில்லை.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கையால் இழுக்கும் வாக்குவம் பம்ப் ஒன்று போதும், உதிரிபாகக் கடைகளில் இரவலாகவே தருகிறார்கள். ஹப்பின் குழாயில் மாட்டி 15 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் ஹப்பிலுள்ள ஆக்சுவேட்டர், அதாவது அந்தப் பல் வளையத்தை நகர்த்தும் பாகம், கசிகிறது. இறங்காவிட்டால் மேலே போங்கள்: ஹோஸ், சோலனாய்டு, கடைசியில் செக் வால்வு. அதைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. என்னுடையதில் இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது. புதுசு இருபது டாலருக்குள் முடிந்தது. அதை மாட்டிய மறுநாள் மலைப்பக்கம் வேறொரு மேட்டில் ஏறி இறங்கினேன், சத்தம் இல்லை.

பாகம் வரும்வரை வண்டியை ஓட்டியாக வேண்டுமென்றால், இரண்டு பக்கத்து ஹப்புக்கும் போகும் வாக்குவத்தைக் கழற்றி, எஞ்சின் பக்க முனையை அடைத்துவிடுங்கள். நின்ற நிலையில் செய்து, மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு ஹப்பும் முழுசாகப் பூட்டிக்கொள்ளும், உரசாது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். சத்தத்தோடு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பற்களும் அச்சின் முனையும் தேய்ந்துவிட்டால் இருபது டாலர் வேலை ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஃபோர் ஹையிலும் சத்தம் நிற்கவில்லை என்றால் கதை வேறு. ஃபோர் ஹையில் மட்டும், பாரத்தில் மட்டும் கடகடவென்று தாவினால், முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் தளர்ந்திருக்கலாம். பிரேக்கை மிதித்தால் சத்தம் மாறினால் பேடைப் பாருங்கள். டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சரளைக் கல் மாட்டியிருந்தாலும் காது கூசும்படி கீறும், அதற்குச் செலவே கிடையாது. வளைவில் மட்டும் டக் டக் என்றால் அச்சின் மூட்டு.

முதலில் அந்தச் சரளை ரோட்டுச் சோதனையைச் செய்துவிட்டு, ஃபோர் ஹையில் நின்றதா இல்லையா என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் அளவிலிருந்து ஆரம்பிப்போம்.