கதிரியக்க சீசியத்தைக் களிமண் எப்படிப் பிடித்து வைக்கிறது?

வெர்மிகுலைட், இல்லைட் போன்ற களிமண் கனிமங்கள் மெல்லிய தாள்களை அடுக்கியதுபோல் இருக்கும். அணு உலை விபத்துகளில் வெளியேறும் உலோகத் தனிமமான கதிரியக்க சீசியம் அந்த அடுக்குகளுக்குள் சிக்கி நகராமல் போவதைத்தான் முடக்குதல் என்கிறோம்.

அடுக்குகளில் எதிர்மின்னூட்டம் உண்டு, சீசியம் நேர்மின் அயனி. சரி, சோடியமும் அப்படித்தானே? ஆனால் சீசியம் தன்னைச் சுற்றியுள்ள நீரைச் சுலபமாக உதறிவிடும். உடனே அடுக்குகள் நெருங்கி மூடிக்கொள்ளும். நோட்டுக்குள் வைத்த மயிலிறகுபோல: நோட்டு நனைந்து காய்ந்து தாள்கள் ஒட்டிக்கொண்டால் இறகு வெளியே வராது. (குட்டியும் போடாது!)

2011-இல் ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், சீசியத்தின் பெரும்பகுதி மேல்மண்ணின் சில சென்டிமீட்டருக்குள்ளேயே தங்கியது பெரிதும் இதனால்தான். அப்புறம், வேர்கள் பொட்டாசியம் என்று ஏமாந்து சீசியத்தை உறிஞ்சாதிருக்க, வயல்களில் பொட்டாசியம் உரமும் இட்டார்கள்.

பலர் நினைப்பதுபோல் களிமண் கதிரியக்கத்தை அழிப்பதில்லை; கதிரியக்க சீசியத்தின் ஒரு வகையான சீசியம்-137 பாதியாகக் குறைய எப்படியும் சுமார் 30 ஆண்டுகள் ஆகும்.