மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கடைசியில் யார்தான் பணம் கொடுத்தார்கள்?

கேள்வி இது: "எல்லையில் சுவர் கட்டுவேன், அதற்கு மெக்சிகோ பணம் கொடுக்கும் என்று சொல்லித்தான் டிரம்ப் 2016இல் ஜெயித்தார். கடைசியில் எவ்வளவு செலவானது? யார் கொடுத்தார்கள்? இதற்கு ஏன் இத்தனை சண்டை?"

முதல் இரண்டுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெக்சிகோ ஒரு காசும் கொடுக்கவில்லை. டிரம்பின் முதல் ஆட்சியில் சுவருக்கென்று திரட்டியது சுமார் 1,500 கோடி டாலர், முழுக்க அமெரிக்க அரசுப் பணம். (100 கோடி என்றால் ஒரு பில்லியன். நமக்குக் கோடிதான் கைக்கு வரும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.) மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கட்டுமான வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுகிறவன். 2016 முதல் 2020 வரை டெக்சாஸில், சான் அன்டோனியோவில் இருந்தேன். நான் இருந்த கம்பெனி சுவர் வேலை எதையும் எடுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சுவரைப் பற்றிப் பேசாத வாரமே கிடையாது. பக்கத்து மேசைக்காரர் ஈகிள் பாஸ் என்ற எல்லையோர ஊரில் பிறந்தவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில், அவருடைய பாட்டி வீடு. எதிர் மேசைக்காரர் தீவிர டிரம்ப் ஆதரவாளர். நடுவில் நான், கால்குலேட்டரோடு.

எஸ்டிமேட் போடுகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன கட்டப் போகிறோம் என்பது. எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எதால், எந்த மண்ணில், யாருடைய நிலத்தில். இதில் எதுவும் முடிவாவதற்கு முன்பே இந்தச் சுவருக்கு விலை வந்துவிட்டது. பிரசாரத்தில் டிரம்ப் 800 கோடி என்றார், 1,000 கோடி என்றார், 1,200 கோடி என்றார். 2017 ஜனவரியில் அவர் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் 1,200 முதல் 1,500 கோடி வரை ஆகும் என்றார். அடுத்த மாதமே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உள் அறிக்கை ஒன்று 2,160 கோடி என்று போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. ஏப்ரலில் செனட்டின் ஜனநாயகக் கட்சியினர் 7,000 கோடி என்றார்கள்.

இதைப் பார்த்து யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு சுவருக்கு விலை போட்டார்கள், அவ்வளவுதான். எல்லை மொத்தம் 1,954 மைல். மிச்சத்தை மலையும் ஆறும் பார்த்துக்கொள்ளும் என்று டிரம்ப் 1,000 மைலுக்குக் கணக்கு சொன்னார். துறை அறிக்கை 1,250 மைலுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 7,000 கோடிக்காரர்கள் ஒரு மைல் செலவை எல்லை முழுவதற்கும் பெருக்கினார்கள். அளவே ஒத்துப்போகாத மூன்று கொட்டேஷனை அருகருகே வைத்து ஒப்பிட்டால் எங்கள் மேலாளர் காகிதத்தை முகத்திலேயே விட்டெறிவார்.

கடைசியில் கட்டியது கான்கிரீட் சுவரே இல்லை. 18 அடியிலிருந்து 30 அடி வரை உயரமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், உள்ளே கான்கிரீட் நிரப்பியது, இரண்டுக்கும் நடுவில் நாலு அங்குல இடைவெளி. சுவர் என்பதைவிடக் கிராதி என்றால் பொருந்தும். சராசரியாக மைலுக்கு 2 கோடி டாலர் வந்தது. ஒரு மைலுக்கு 5,280 அடி, ஆக ரன்னிங் அடிக்குக் கிட்டத்தட்ட 3,800 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஊரில் வீட்டுக் காம்பவுண்ட் சுவருக்கு ரன்னிங் அடிக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மேஸ்திரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவர் என் அப்பா. போனில் இதைச் சொன்னதும், "தங்கத்துல கட்டுறாங்களாடா?" என்றார்.

இரும்பில்தான் கட்டினார்கள். ஆனால் அந்த இரும்புக்கே 2018 மார்ச்சில் டிரம்ப் 25 சதவீத இறக்குமதி வரி போட்டார். உள்நாட்டு ஆலைகளும் விலையை ஏற்றின. நாங்கள் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த எஸ்டிமேட் எல்லாம் குப்பைக்குப் போனது. தன் வரியால் தன் சுவரின் விலையையே ஏற்றிக்கொண்டவர் அவர். அப்புறம் சுவரோடு ரோந்துச் சாலை வேண்டும், விளக்கு வேண்டும், கேமரா வேண்டும். வறண்ட பாலைவனத்தில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் வேண்டும், அதையும் அரிசோனாவில் நிலத்தடியிலிருந்துதான் உறிஞ்சினார்கள். காட்டாறு வரும் இடத்தில் வெள்ளக் கதவு வேண்டும். 2021 ஆகஸ்ட் மழையில் டக்ளஸ் ஊர்ப் பக்கம் அந்தக் கதவுகளையே வெள்ளம் பிடுங்கிப் போட்டது.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி நிலம். கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையோரத்தில் 60 அடி அகலத்துக்கு 1907இலேயே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அரசு நிலமாக ஒதுக்கி வைத்துவிட்டார். டெக்சாஸ் கதை வேறு. 1845இல் அமெரிக்காவோடு சேரும்போதே தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்ட மாநிலம் அது. இன்றைக்கு ஆற்றங்கரை பெரும்பாலும் தனியார் பட்டா. ஒவ்வொருவரிடமும் போய் நிலம் கையகப்படுத்த வேண்டும், வழக்கு நடத்த வேண்டும். போதாததற்கு, ரியோ கிராண்டே ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடும்படி எதையும் கட்டக் கூடாது என்று மெக்சிகோவோடு 1970இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் சுவர் கரையில் நிற்காமல் ஊருக்குள் தள்ளி நிற்கிறது. தன் வயலுக்குத் தானே ரகசிய எண் அழுத்திக் கதவைத் திறந்து போகிற விவசாயிகள் தெற்கு டெக்சாஸில் இருக்கிறார்கள்.

எனவே வேலை எங்கே சுலபமோ அங்கே நடந்தது. 2021 ஜனவரி வரை கட்டியது 458 மைல். அதில் முன்பு எந்தத் தடுப்பும் இல்லாத இடத்தில் புதிதாக எழுந்த முதல் வரிசைச் சுவர் 52 மைல்தான். மிச்சம் பெரும்பாலும் பழைய வேலியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டது. பழைய வேலி யார் போட்டது? 2006இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம். அதற்கு அப்போது செனட்டர்களாக இருந்த ஒபாமா, ஹிலாரி கிளின்டன், சக் ஷூமர் மூவரும் ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எதிர் மேசைக்காரர் இதை வாரம் ஒரு முறை ஞாபகப்படுத்துவார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம். சண்டை பணத்துக்காக என்று நம்பிக்கொண்டிருந்தவன்தான் நானும். 2018 பிப்ரவரியில் செனட்டில் இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். எல்லைப் பாதுகாப்புக்கு 2,500 கோடி டாலர், பதிலுக்குச் சிறுவயதில் ஆவணமின்றி அழைத்து வரப்பட்ட 18 லட்சம் பேருக்குக் குடியுரிமைப் பாதை. ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலானோர் ஆதரித்தார்கள். வீட்டோ செய்வோம் என்று எதிர்த்தது வெள்ளை மாளிகை. 54க்கு 45 ஓட்டு விழுந்தது, 60 தேவை, செத்துப்போனது. பத்தே மாதத்தில் அதே அதிபர் வெறும் 570 கோடிக்காக அரசாங்கத்தையே மூடினார் (செலவுச் சட்டம் நிறைவேறாவிட்டால் அங்கே பல அரசு அலுவலகங்கள் முடங்கிவிடும்). அமெரிக்க அரசின் ஆண்டுச் செலவு அப்போது 4 லட்சம் கோடி டாலருக்கு மேல். 570 கோடி அதில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது.

2018 டிசம்பர் 11 அன்று தன் அலுவலகத்தில் கேமராக்களுக்கு முன்னால் ஜனநாயகக் கட்சித் தலைவர்களான நான்சி பெலோசியையும் ஷூமரையும் உட்கார வைத்துக்கொண்டு, எல்லைப் பாதுகாப்புக்காக அரசை முடக்குவதில் எனக்குப் பெருமைதான் என்று டிரம்ப் சொன்னார். டிசம்பர் 22 முதல் ஜனவரி 25 வரை 35 நாள் முடக்கம். சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அதில் ஒருவர் எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்தார், விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் வேலை. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம், இரண்டு தவணை வரவில்லை. வேலைக்கு மட்டும் போக வேண்டும். ஒரு நாள் இரவு அவர் கார் நிறுத்துமிடத்தில் இலவச உணவுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கவனிக்காதது போல மாடி ஏறிவிட்டேன். போய்ப் பேசியிருக்கலாம்.

கடைசி நாளன்று விமானக் கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க்கின் லாகார்டியாவில் விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கே முடக்கம் முடிந்தது. அப்புறம் நாடாளுமன்றம் கொடுத்தது 137.5 கோடி டாலர், 55 மைலுக்கு. முடக்கத்தால் பொருளாதாரத்துக்கு 1,100 கோடி டாலர் அடி, அதில் 300 கோடி திரும்பி வரவே வராது என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. 570 கேட்டு, 300ஐத் தொலைத்து, 137.5 வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு டெண்டரை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 2019 பிப்ரவரி 15 அன்று டிரம்ப் தேசிய அவசரநிலை அறிவித்தார். நாடாளுமன்றம் தராத பணத்தை மற்றப் பைகளிலிருந்து எடுத்தார். பாதுகாப்புத் துறையின் போதைப்பொருள் தடுப்புக் கணக்கிலிருந்து 250 கோடி, ராணுவக் கட்டடங்களுக்கு வைத்திருந்ததில் 360 கோடி, கருவூலத்தின் பறிமுதல் நிதியிலிருந்து 60 கோடி. அடுத்த ஆண்டு ராணுவத் தளவாடக் கணக்கிலிருந்து இன்னும் 380 கோடி. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. 127 ராணுவக் கட்டட வேலைகள் தள்ளிப்போயின. அதில் ஒன்று கென்டக்கியில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்குக் கட்ட இருந்த நடுநிலைப் பள்ளி. கென்டக்கி யார் மாநிலம்? 1,500 கோடிக்குள் முடியும் என்ற அதே மெக்கானலின் மாநிலம்.

சண்டை எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. தொகை பெரிதா சிறிதா என்பது மேலோட்டம். அரசுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த நாட்டு அரசியலமைப்பில் நாடாளுமன்றத்துக்கு. அதிபர் கேட்டு, அவர்கள் முடியாது என்று சொல்லி, அதன் பிறகும் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஓட்டுக்கு மதிப்பென்ன? அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானத்துக்கு அவர் கட்சியின் 12 செனட்டர்களே ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், தீர்மானம் 59க்கு 41 என்று நிறைவேறியது. டிரம்ப் தன் முதல் வீட்டோவை அதற்குத்தான் பயன்படுத்தினார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று, வழக்கு நடக்கும்போதே அந்த 250 கோடியைச் செலவழிக்கலாம் என்றது. சுவர் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கும் எதிர் மேசைக்காரருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆனால் நாளைக்கு வேறு கட்சி அதிபர் இதே வழியில் பருவநிலைக்கென்று பணம் எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நடுவில் பொதுமக்களிடம் வசூல் செய்து சுவர் கட்டுகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பி 2.5 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதைத் தொடங்கியவர் நன்கொடைப் பணத்தை ஏமாற்றிய வழக்கில் 2023இல் நாலேகால் ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பைடன் 2021இல் வந்த நாளே வேலையை நிறுத்தினார். 2023இல், 2019க்கு ஒதுக்கிய பணத்தை வேறெதற்கும் மாற்ற வழியில்லை என்று சொல்லி, 26 சட்டங்களைத் தள்ளிவைத்து டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் அவரே கொஞ்சம் கட்டத் தொடங்கினார்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் சுவருக்கு 4,650 கோடி டாலர். 2018இல் கேட்டதைப் போல எட்டு மடங்கு. இதற்காக ஒரு நாள்கூட அரசாங்கம் மூடவில்லை. காரணம் எளிது: பட்ஜெட் சமரச முறை என்று ஒரு வழி இருக்கிறது, அதில் செனட்டில் 60 ஓட்டு வேண்டாம். 50க்கு 50 என்று நின்றபோது துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டு முடித்தார். பிடிக்கிறதோ இல்லையோ, இந்த முறை நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பணம்.

மெக்சிகோ? 2016 ஏப்ரலில் டிரம்ப் ஒரு குறிப்பு கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகும் பணத்தை நிறுத்துவோம் என்று மிரட்டினால் அந்நாட்டு அரசு 500 முதல் 1,000 கோடி டாலரை ஒரே தவணையில் கொடுத்துவிடும் என்பது கணக்கு. அது நடக்கவில்லை. ஆனால் 2025இன் அதே சட்டத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்துவிட்டது, 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டுவது அனுப்புகிறவர், மெக்சிகோ அரசு அல்ல. என் பழைய பக்கத்து மேசைக்காரர் இன்னும் மளிகைக் கடைக் கவுண்டரில் ரொக்கமாகத்தான் பாட்டிக்கு அனுப்புகிறார். 300 டாலருக்கு 3 டாலர்.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. முதலில் 5 சதவீதம் என்று பேச்சு வந்தபோது ஊருக்குப் பணம் அனுப்புகிற எல்லோர் வாட்ஸ்அப்பிலும் பீதி கிளம்பியதே, கடைசிச் சட்டத்தில் அது ரொக்கம், மணி ஆர்டர், காசாளர் காசோலை போன்றவற்றுக்கு மட்டும்தான். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கே வழங்கிய கார்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. இன்னமும் 5 சதவீதம் என்று பழைய ஃபார்வர்டு வந்தால் நம்ப வேண்டாம்.