டிரையலில் சேர்ந்த அப்பாவுக்கு 6.4 லட்சம் பில்: யார் கட்டுவது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. கணையத் தலைப்பகுதியில் கேன்சர். ஆபரேஷன் செய்யக்கூடிய நிலைதான் என்றார்கள். முதலில் கீமோவா, முதலில் ஆபரேஷனா என்று ஒப்பிடும் மருத்துவ ஆய்வில் (டிரையல்) சேர்த்தோம். எங்களுக்கு முதலில் கீமோ பெறும் பிரிவு விழுந்தது. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ மருந்துக் கூட்டின் இரண்டாவது சுற்று முடிந்த வாரமே வெள்ளணு குறைந்து, காய்ச்சல் வந்து, செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் தாக்கும் ஆபத்தான நிலை) ஆகிவிட்டது. 12 நாள் அட்மிஷன், 6.4 லட்சம் பில். பித்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் வந்த தொற்று, டிரையலுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். 2 லட்சம் கட்டிவிட்டோம். சம்மதப் படிவத்தை ஜூனியர் டாக்டர்தான் விளக்கினார், வீடியோவும் எடுக்கவில்லை. பெரிய டாக்டர் எங்களை மதித்துப் பேசியதே இல்லை. விலகிவிட்டு, போலீசில் புகார் கொடுத்து, 50 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? மீதிப் பணத்தைத் தள்ளுபடி செய்வதாக இப்போது பேசுகிறார்கள்.
— வாசகர், ஈரோடு

பதில்: மதித்துப் பேசவில்லை என்பதற்கு வழக்குக் கிடையாது. ஆய்வுக் குழுவில் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்றால் ஜூனியர் டாக்டர் விளக்கியதும் குறையாகாது. வீடியோ, புதிய மூலக்கூறு மருந்துகளின் ஆய்வில், அதுவும் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் பிரிவினருக்குத்தான் கட்டாயம். ஃபோல்ஃபிரினாக்ஸில் இருப்பவை எல்லாம் பழைய மருந்துகள். ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்கு (2005) பிறகு, சுயேச்சையான மருத்துவரின் கருத்தைப் பெறாமல் போலீஸ் டாக்டர் மேல் நடவடிக்கைக்குப் போகக் கூடாது. இவற்றை எல்லாம் ஓரமாக வையுங்கள்.

50 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின் ஏழாவது அட்டவணைப்படி, குணமான பாதிப்புக்கு நஷ்டஈடு என்பது டெல்லியின் சாதாரணத் தொழிலாளி தினக்கூலியின் இரண்டு மடங்கு, அதைப் படுத்திருந்த நாட்களால் பெருக்கினால் வருவது. கூலி 700 ரூபாய் என்று வைத்தால் உங்களுக்கு 16,800 ரூபாய். உங்கள் வழக்கில் பணம் இருப்பது பில்லில்.

அதே விதிகளில் விதி 40 சொல்வது: ஆய்வின்போது பாதிப்பு வந்தால் ஸ்பான்சர் (ஆய்வுக்குப் பொறுப்பான நிறுவனம்) இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும், தேவை என்று ஆய்வு டாக்டர் கருதும் வரை, அல்லது ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்று நிறுவப்படும் வரை, எது முந்தியதோ அது வரை. அப்படி நிறுவியது யார், எந்தத் தேதியில், எந்தத் தாளில்? பில்லிங் கவுன்டரில் வாயால் சொல்வது நிறுவியதாகாது. கடும் பாதிப்பை 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஆய்ந்த அறிக்கை 14 நாளில் போக வேண்டும். ஆய்வுகளைக் கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டி 30 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். மூன்றின் தேதியையும் கேட்டு கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு இன்றே எழுதுங்கள்.

கூடவே ஸ்டென்ட் வைத்த தேதியையும் சம்மதப் படிவத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீமோ கொடுக்க மஞ்சள் காமாலை இறங்க வேண்டும், அதற்குத்தான் ஸ்டென்ட். நேரே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. கீமோ பிரிவு விழுந்த பிறகு வைத்திருந்தால், ஸ்டென்ட் தொற்றையே ஆய்வு நடைமுறையால் வந்த பாதிப்பு என்று வாதிடலாம். முன்பே வைத்திருந்தால் வாதம் மெலிகிறது; ஆனாலும் தொற்று செப்சிஸ் ஆனது கீமோவால் வெள்ளணு விழுந்ததால் என்ற வாதம் நிற்கும்.

ஸ்பான்சர் யார் என்பதை இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இணையப் பதிவில் பாருங்கள். மருந்து கம்பெனி இல்லாமல் மருத்துவமனையே நடத்தும் கல்விசார் ஆய்வு என்றால் விதி 40 பொருந்தாது என்று இழுப்பார்கள். அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளைக் காட்டுங்கள்: நடத்தும் நிறுவனமே ஸ்பான்சர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அதற்குத்தான்.

இனி, வழக்குக்கு வருபவர்கள் தாங்களே போய் விழும் குழிகள். முதலாவது இன்சூரன்ஸ். மீதியை அதில் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவமனை சொல்லும். கிளைம் படிவத்தில் 'கேன்சரால் வந்த பித்தக்குழாய்த் தொற்று' என்று அவர்கள் நிரப்ப, நீங்கள் கையெழுத்துப் போட்டால், சம்பந்தமில்லை என்பதற்கு உங்கள் கையாலேயே சாட்சி கொடுத்தாயிற்று. டிரையலை மறைத்தது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் பணம் தராது. சொன்னால், நிரூபிக்கப்படாத சிகிச்சை என்ற விலக்கைக் காட்டும். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 'விதி 40-இன்படியான உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறோம்' என்று கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது, கோபத்தில் எழுதும் புகார். 'ஆறு மாதம்தான் என்று டாக்டரே சொன்னார்' என்று உருக்கமாக எழுதுவார்கள். பின்னால் ஆய்வால் உயிரிழப்பு நேர்ந்தால், 65 வயதைக் கடந்தவருக்கு 8 லட்சத்தை ஆபத்துக் காரணியால் (நோயின் கடுமையைப் பொறுத்த எண்) பெருக்குவதே கணக்கு. சேர்ந்த அன்று ஆறு மாதத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லாதவர் என்றால் காரணி 0.5, அதாவது 4 லட்சம். 6 முதல் 24 மாதம் என்றால் 8 லட்சம். நடுத்தர ஆபத்து என்றால் 16 லட்சம். உங்கள் அப்பா ஆபரேஷனுக்கு ஏற்றவர் என்றுதானே சேர்த்தார்கள்? அந்த வரி ஆய்வுப் பதிவில் இருக்கும். அதைக் கெடுக்கிற மாதிரி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மூன்றாவது, விலகல். காரணம் சொல்லாமலே எப்போதும் விலகலாம். நடந்துவிட்ட பாதிப்புக்கான உரிமையும் போகாது. ஆனால் கமிட்டி கருத்துச் சொல்வதற்கு முன் 'டாக்டர் பேச்சை மீறிச் சொந்தப் பொறுப்பில் போகிறோம்' என்ற தாளில் கையெழுத்திட்டுக் கிளம்பினால், பிறகு வரும் எல்லாச் சிக்கலையும் அந்தத் தாளின் தலையில் கட்டுவார்கள். புதிய சர்ஜன் கையில் கீமோ அளவுகளும் ஸ்டென்ட் குறிப்பும் புதிய சி.டி. ஸ்கேனும் இல்லாமல் ஆபரேஷன் இன்னும் தள்ளும். முதலில் கேஸ் ஷீட் நகல், பிறகு விலகல்.

என் கருத்து: சமரசம் செய்யுங்கள். மீதி 4.4 லட்சம் தள்ளுபடி, கட்டிய 2 லட்சம் திரும்ப, இந்தத் தொற்று முழுக்க ஆறும் வரை இலவச வைத்தியம் என்று கேளுங்கள். 2 லட்சத்தில் பாதிதான் வரும் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்து கிடைப்பது இதைவிடப் பெரிதாக இருக்காது. ஆனால் ஒப்பந்தத் தாளில் 'இந்த ஆய்வு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாக்கியம் இருந்தால் அடித்துவிட்டு, 'இந்த அட்மிஷன் எண்ணுக்குரிய பில் வரை' என்று எழுத வையுங்கள். சம்மதப் படிவத்தில் நாமினி பெயர் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே நிரப்பி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.