பதில்: காலை நாலரைக்குக் கோயில் மைக், புகார் கொடுக்கலாமா?

சார், மார்கழி முழுக்க நாலரை மணிக்கே கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது, பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தூக்கமில்லை, புகார் கொடுத்தால் சாமிக்கு எதிரி என்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். நானும் கோத்தகிரிதான். எதிர்ச் சரிவில் பாடினாலும் பள்ளம் தாண்டி நம் ஜன்னலில் வந்து மோதும்.

பயப்படாதீர்கள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு வழிபாட்டு உரிமையைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. 2000இல் சென்னை சர்ச் ஒன்றின் வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். சர்ச்சுக்குச் சொன்னது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான்.

அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலத் தளர்வு ஆண்டுக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். விடியற்காலைக்குக் கிடையாது.

ஆனால் பஜனையையே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் உரிமை. அதில் கை வைத்தால் உங்கள் நியாயம் போய்விடும். குழாயை இறக்கிவிட்டு உள்ளே சின்ன ஸ்பீக்கர் போதும் என்று கேளுங்கள். முதலில் கோயில் கமிட்டியிடம், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மசியவில்லையா, தேதி, நேரம் குறித்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் டிஎஸ்பி அலுவலகம்.

எங்கள் தெருவில் பேச்சோடு முடிந்தது. குழாய் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது, ஒயர் மட்டும் இல்லை.